பிளேட்டில் இல்லாத இழுவை

மைக் வீறிட்டது. அந்தக் கூச்சலுக்கு மற்றவர்கள் காதைப் பொத்துவார்கள். எனக்கு வயிறு எரியும். நேற்று செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் ஒரு பெண் பழைய சினிமாப் பாட்டொன்றை கிராமபோன் பிளேட்டில் உள்ளபடியே, அசல் பாடகி மூச்சு வாங்கிய இடத்தில் தானும் மூச்சு வாங்கிப் பாடினாள். 'அப்படியே இருக்கு, அப்படியே இருக்கு' என்று மண்டபமே சொக்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியே இருப்பதற்கு எதற்கு இன்னொரு தொண்டை?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் இதே ஊரில் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்த்தேன். புதுப்பட்டினத்திலிருந்து கருவாடு விற்க வரும் ஓர் அக்கா, கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கடை வாசலில் பாடுவாள். டூரிங் கொட்டகையில் கேட்ட பாட்டுதான். ஆனால் வழவழவென்று போகும் வரியை அவள் முறிப்பாள். வலை இழுக்கிற மூச்சு நடுவில் வந்து நிற்கும். காதலனைக் கூப்பிடுகிற இடத்தில், கடலுக்குப் போய்த் திரும்பாதவனைக் கூப்பிடுகிற இழுவை. நாற்று நடுகிறவர்கள், உப்பளத்துக்காரிகள் என்று சினிமாப் பாட்டைத் தங்கள் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்துக்கொண்ட பெண்கள் பலரை அந்தப் பக்கத்தில் கேட்டிருக்கிறேன். ஒருத்தியும் இவளுக்கு ஈடில்லை. இவளைக் கேட்ட பிறகு அசல் எனக்கு ஆறிப்போன காபி.

எங்கள் முதலாளிக்குச் செவி என்ற பெயரில் இரண்டு துளைகள் இருந்தன, அவ்வளவுதான். திருவிழாக்களுக்குப் பாட்டுக் கோஷ்டி சேர்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் அக்காவைக் கூப்பிட்டார். "மாமல்லபுரத்தாண்ட ஒரு கல்யாணம் கீது. பிளேட்டுல கீற மாதிரியே பாடு, கோஷ்டில சேத்துக்கறேன்" என்றார். தலையிலிருந்து கூடை ஒரேயடியாக இறங்கப் போகிறது என்று அக்கா அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

கல்யாணம் நடந்தது ஒரு மீனவர் குப்பத்தில். முதல் வரியைப் பிளேட்டு மாதிரியேதான் பாடினாள். இரண்டாவது வரியில் அந்த இழுவை தானாக வந்துவிட்டது. அங்கெல்லாம் சாவு வீட்டில் ஒருத்தி ஒப்பாரி இழுத்தால் மற்றவர்கள் சேர்ந்து குரல் எடுக்க வேண்டும். ரத்தத்தில் ஊறிய வழக்கம். பந்தலில் பூவும் பட்டுமாக உட்கார்ந்திருந்த பெண்கள், தங்களை அறியாமலே குரல் எடுத்துவிட்டார்கள். ஒருத்தி பக்கத்திலிருந்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கடலுக்கு அப்பனைக் கொடுத்திருந்த கல்யாணப் பெண்ணே குலுங்கி அழுதாள்.

"அடிப்பாவி, கல்யாண வூட்ல இன்னாடி எழவுப் பாட்டு!" மாப்பிள்ளையின் தாய் பாய்ந்தாள். முதலாளி என்னைத் தள்ளிவிட்டு ஒயரைப் பிடுங்கினார்; மைக் ஒருமுறை வீறிட்டு ஓய்ந்தது. "கோஷ்டியும் வாணாம், ஒண்ணும் வாணாம். உனுக்குக் கருவாட்டுக் கூடைதான் லாயக்கு" என்றார். அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. செத்துப்போய்விட்டார், அதற்காகவும் மன்னிக்கவில்லை.

அக்கா நிறுத்தவில்லை. மைக் இல்லாமல், வசவுக்கு மேலே, கடற்காற்றுக்கு மேலே, பாடி முடித்தாள். அதன்பின் அவள் செங்கல்பட்டுப் பக்கமே வரவில்லை.

நேற்று மண்டபத்தில் கை தட்டினார்கள். மைக் மறுபடி வீறிட்டது. எழுந்து வெளியே வந்துவிட்டேன். அன்று குப்பத்து மணலில், புதுப்பட்டினம் போகிற திசைக்குத் திரும்பியவள், நின்று என்னிடம் கேட்டதுதான் காதில் இருந்தது.

"ஒயரப் புடுங்கிட்டான் பேமானி. உட்டுடுவனா? கடைசி வரி வரைக்கும் பாடிட்டேன், நைனா. கேட்டியா நீ?"