நிலா தெரிய ஒரு பந்தல்

சில வருடங்களுக்கு முன்பு, யாங்கூனில் தடின்ஜுட் விளக்குத் திருவிழாப் பௌர்ணமியன்று நடந்தது இது. எனக்குப் பந்தல் தொழில். லான்மடாவ் பக்கம் கல்யாணமோ காதுகுத்தோ, எந்த மழைக்கும் ஒரு சொட்டுகூட உள்ளே விழாத பந்தல் வேண்டுமென்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

கியாக்டடாவில் ஒரு யூதக் குடும்பம் மொட்டை மாடியில் ஓலைக்குடில் போடக் கூப்பிட்டது. பண்டிகை நாட்களில் அதில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டுமாம். அந்த வீட்டு அம்மா, "மேலே ஓலை மட்டும் போடுங்க அகோ" என்று பர்மியத்தில் என்னை அண்ணனாக்கிச் சொல்லிவிட்டுச் சமையலைக் கவனிக்கப் போனார். வானம் மூடிக்கொண்டிருந்தது. பாவம், நல்ல நாளில் நனைவார்களே என்று நானும் என் மச்சானும் ஓலையை நெருக்கி அடுக்கி, போனால் போகிறதென்று எங்கள் தார்ப்பாயையும் மேலே இழுத்துக் கட்டினோம்.

சாயங்காலம் மாடிக்கு வந்த அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. இந்தக் கூரை ஆகாதாம். ஓலைக்கு மேல் வானம்தான் இருக்க வேண்டும், அதன் இடுக்கில் நட்சத்திரம் தெரிய வேண்டும். பொழுது இறங்கினால் பண்டிகை தொடங்கிவிடும், அப்புறம் கூரையில் கை வைக்கக் கூடாதாம். இந்தக் குடிலில் உட்காரவென்றே அவருடைய மகள் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தாள்.

"ஒழுகுற பந்தலப் போட்டுட்டுப் போனா நாளைக்கு நம்மள எவன் மச்சான் கூப்பிடுவான்?" என்றான் மச்சான். எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"வீட்டுக்குள்ள போயிடுவோம் அகோ. அடிமையா இருந்து தப்பிச்சு வந்த எங்க முன்னோருங்க பாலைவனத்துல இப்படிக் குடில்லதான் இருந்தாங்க. அத மறக்கக் கூடாதுன்னுதான் இந்தப் பண்டிகை."

பாலைவனத்தை நான் கண்டதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்த எங்கள் தமிழ் ஆட்களுக்கும் இந்த ஊரில் முதல் வீடு ஓலைக் கொட்டகைதான். ஏணியில் ஏறித் தார்ப்பாயை அவிழ்த்தேன். ஓலைகளை ஒவ்வொன்றாக உருவி இடைவெளி விட்டோம். நிழலும் வேண்டும், வானமும் தெரிய வேண்டும். இறுக்கிக் கட்டியே பழகிய கைக்கு அளவாகத் தளர்த்துவது லேசில் வரவில்லை. மேக இடுக்கில் விழுந்த வெயில் எதிர்க் கட்டடத்தின் உச்சிக்கு ஏறிவிட்டது. அது மறைவதற்குள் கடைசி ஓலையைச் சரிசெய்துவிட்டு இறங்கினேன். மகள் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "நான் சின்னப் பிள்ளையில பார்த்த மாதிரியே இருக்கு" என்றாள்.

சாமான்களைக் கட்டிக்கொண்டு நாங்கள் தெருவுக்கு வந்தபோது வீட்டுக்கு வீடு மெழுகுவத்தி ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். மேகம் விலகி நிலா வந்தது. மாடியிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. மச்சானும் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறு வருடமும் கூப்பிட்டார்கள். தார்ப்பாயை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். ஒழுகாத பந்தல் எத்தனையோ போட்டிருக்கிறேன், ஆனால் பெருமையாகச் சொல்ல ஒன்றே ஒன்றைக் காட்டு என்றால், நிலா வெளிச்சம் ஒழுகிய அந்தப் பந்தலைத்தான் இன்றும் சொல்வேன்.