பாயம்மா வீட்டுக் குழாய்

மயிலாப்பூரில் சேலைக்கு ஃபால்ஸ் தைத்துப் பிழைத்தவள் ஜைதூன் பீ. வாசலுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டுவாள். வேண்டாம் என்றவர்களை லேசில் மறக்க மாட்டாள். அப்படி அவள் மறக்காத முதல் ஆள் சங்கரன். மாதாமாதம் அவள் வீட்டுக் குழாயில் பரிசோதனைக்குத் தண்ணீர் பிடித்துப் போகும் அரசாங்க ஊழியர். நெற்றி நிறைய விபூதி. வருஷக்கணக்காக வருகிறார், ஒரு வாய் குடித்ததில்லை.

“பாய் வூட்டு தண்ணி தொண்டையில எறங்காதாம்” என்று மகள் ஆயத்திடம் பொருமுவாள்.

தொண்ணூற்றைந்தில், பிரசவத்துக்கு வந்திருந்த ஆயத்துக்கு மஞ்சள் காமாலை கண்டது. பிள்ளைத்தாய்ச்சிக்கு இது வந்தால் உயிருக்கே ஆபத்து என்ற டாக்டர், “குடிக்கிற தண்ணி எப்படின்னு விசாரிங்கம்மா” என்றார்.

ஜைதூன் பீ நேராகச் சங்கரன் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குப் போய், தன் வீட்டுத் தண்ணீரின் ரிசல்ட்டைக் கேட்டாள். குமாஸ்தா தலையைக்கூடத் தூக்கவில்லை.

“அதெல்லாம் பப்ளிக்குக்குக் குடுக்கறதில்ல. தெரிஞ்சா ஜனங்க பயந்துடுவாங்க.”

ஜனங்கள் பயப்படக் கூடாதாம். செத்தால் பரவாயில்லையாம்! மேலதிகாரியைப் பார்க்கலாம் என்றால் அவர் சீட்டில் இல்லை. என்றைக்குத்தான் இருந்தார்கள்?

அந்த வாரமே சங்கரன் பாட்டிலோடு வந்தார். அவள் குழாயை மறித்து நின்றாள்.

“மொதல்ல ரிசல்ட்டு சொல்லு. அப்பால தண்ணி.”

“நாங்க வெளியில சொல்லக் கூடாது பாயம்மா. மேலிடத்து உத்தரவு.”

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “சொல்லவும் மாட்டே, எங்க வூட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்கவும் மாட்டே. நாங்க இன்னா உனக்கு அவ்ளோ கேவலமா?”

சங்கரன் பதறிப்போனார். “ஐயையோ, அப்படியா நினைச்சீங்க? எதிர்ல சுவாமிநாத ஐயர் வீட்டுலயும் நான் குடிச்சதில்ல. இந்தத் தெருவுல எங்கயுமே குடிக்கறதில்ல!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜைதூன் பீக்கு விளங்கிவிட்டது. அவர் மதம் பார்க்கிற ஆளாகவே இருந்து தொலைத்திருக்கக் கூடாதா? தெரிந்தே ஒரு தெருவையே குடிக்க விட்டிருக்கிறார்களே, பாவிகள்! அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று தெருவுக்கு இழுத்தாள்.

“இப்ப சொன்னியே, அத வூடு வூடா வந்து சொல்லு.”

“என் வேலை போயிடும் பாயம்மா!”

“என் பொண்ணு உசுரே போய்க்கினு கீதுடா!”

பிடியை விடாமலே எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.