சான்று பெறாதவர்

பட்டறையில் அவளைப் 'பொறியக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வெல்டிங் கம்பி பிடித்துப் பத்தொன்பது வருஷம். ஜன்னல் கிரில்லில் தொடங்கி லாரியின் அடிச்சட்டம் வரை அவள் கைபடாத இரும்பு இல்லை. அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டவள். கையில் காகிதம் என்று ஒன்றும் கிடையாது.

புதிதாக வந்த மேலாளர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். 'சான்று பெறாதவர்' என்ற தலைப்புக்குக் கீழே அவள் பெயர் மட்டும்தான்.

லேத் ஓட்டுபவர் சும்மா இருப்பாரா? "என்னக்கா, வேலை தெரியாமலா இத்தனை நாள் எங்களை ஏமாத்தினே?"

"கண்ணாடியைத் துடைச்சுட்டுப் படிங்க. பெறாதவர்னுதான் போட்டிருக்கு, தெரியாதவர்னு இல்ல."

வாய் அப்படிச் சொன்னாலும் உள்ளே சுருக்கென்றது. அன்று மாலையே வெல்டர் சான்று தரும் தேர்வு அலுவலகத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தாள்.

மறுவாரம் நீராவிக் கொதிகலன் ஒன்று பழுதுக்கு வந்தது. மேலாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்.

"அக்கா, உங்க கை யாருக்கும் வராது. நீங்களே விரிசலைப் பத்த வெச்சிடுங்க. சான்று இருக்கிற ஒருத்தர்கிட்ட கையெழுத்து வாங்கிக்கலாம்."

"அந்த வார்த்தையை ஒட்டினது நீங்கதானே சார்? கதவு, கிரில்னா கண்ணை மூடிட்டுச் செய்வேன். இது வெடிச்சா நாலு உயிர் போகும். சான்று இல்லாதவங்க தொடக்கூடாதுன்னா தொடக்கூடாது. என் வேலைக்கு இன்னொருத்தர் கையெழுத்தும் வேண்டாம். என்னைப் பரீட்சைக்கு அனுப்புங்க."

"படிப்பு கேப்பாங்களே?"

"அனுபவம் போதுமாம். கேட்டுட்டேன்."

அவர் காதைச் சொறிந்துகொண்டே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். அந்தக் கொதிகலனைப் பற்றவைக்கச் சான்று பெற்ற ஒருவர் வெளியூரிலிருந்து வந்தார்.

முதல் தேர்வில் அவள் தேறவில்லை. அவள் இணைத்த குழாயை எக்ஸ்ரே எடுத்ததில், ஊசிமுனை அளவுக்கு உள்ளே ஒரு துளை. தேர்வாளர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அவளோ படத்தை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா மேல்பக்கத்தை மட்டும்தான் பார்த்துட்டிருந்திருக்கேன் சார். உள்ளே இப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் தெரியுது."

மூன்று வாரம் பழைய குழாய்த் துண்டுகளை இணைப்பதும் அறுத்துப் பார்ப்பதுமாகக் கழிந்தது. இரண்டாம் முறை எடுத்த படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

அடுத்து வந்த கொதிகலனை அவளே பற்றவைத்து, அவளே கையெழுத்தும் போட்டாள். தண்ணீர் ஏற்றி அழுத்தம் கூட்டிச் சோதித்தபோது, அழுத்தமானியின் முள் ஏற ஏற மேலாளர் இரண்டடி பின்வாங்கினார். அவள் தன் இணைப்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஈரமே இல்லை.