அவருக்கு வலிக்குதும்மா

எண்பதுகளின் நடுவில் எனக்கு ஒரு வேலை இருந்தது. என்ன வேலை என்று யாராவது கேட்டால் சொல்வதற்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவில், கை கால் முறிந்து வைத்தியம் முடிந்து வீட்டுக்குப் போனவர்களைத் தேடிப் போய்க் கேள்வி கேட்க வேண்டும். படி ஏற முடிகிறதா? கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிகிறதா? அடிபட்ட பக்கமாகப் படுத்துத் தூங்குகிறீர்களா? சட்டை, செருப்பு மாட்ட யாராவது உதவ வேண்டியிருக்கிறதா? சிரமமே இல்லையா, கொஞ்சம் சிரமமா, ரொம்பச் சிரமமா, முடியவே இல்லையா? அவர்கள் சொல்வதற்குத் தகுந்த இடத்தில் நான் ஒரு கோடு போடுவேன். மூன்றாம் மாதம் ஒரு முறை, ஆறாம் மாதம் ஒரு முறை, வருடம் முடியும்போது ஒரு முறை.

என்னை அந்த வேலைக்கு எடுத்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். கிள்ளானிலிருந்து பஸ் பிடித்துப் போய் முதல் நாள் அவர் முன்னால் உட்கார்ந்தபோது, அவர் ஒரு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"எலும்பு ஒட்டியிட்டுது எண்டு நான் இதைப் பார்த்துச் சொல்லலாம். ஆனா நடக்கிறது அவர்தானே. நோகுதோ இல்லையோ எண்டு அவர்தான் சொல்லவேணும். மனுசி பிள்ளையள் சொல்லுறதை எழுதிப் போடாதையும். அவரின்ரை வாயாலை வரவேணும்."

தலையாட்டிவிட்டு வந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதைக்குப் பின்பக்கம், சின்னச் சின்ன வாடகை வீடுகள் ஒரே வரிசையாக நின்றன. அதில் ஒன்றில் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். நான் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டேன். காலையில் பேப்பர் வாங்க ரோட்டைக் கடந்தவரை ஒரு மோட்டார் சைக்கிள் தூக்கி எறிந்துவிட்டது. வலது தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. உள்ளே இரும்புத் தகடு வைத்து ஆணி அடித்திருந்தார்கள்.

மூன்றாம் மாதம் நான் போனபோது வெற்று மார்பில் துண்டைப் போட்டுக்கொண்டு கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். உள்ளே ஆன்டி நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தார். வீடே அந்த வாசனை.

"படி ஏற முடியுதா அங்கிள்?"

"ஏறலாம்மா."

அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. "பொய்! ஏறலாமாம்லா. அவருக்கு வலிக்குதும்மா. கோயில் படி மூணு, அதுக்கே என் தோளப் புடிச்சிக்கிட்டுத்தான் ஏறுனாரு."

நான் எழுந்து போய், டாக்டர் சொன்னதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். ஆன்டிக்குக் கோபம் வரவில்லை. சிரித்துவிட்டார். "சரி, நான் வாயத் தொறக்கல. நீ கேளு" என்று கரண்டியோடு வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"ராத்திரி தூக்கம் எப்படி அங்கிள்?"

"நல்லாத்தான் தூங்குறேன்."

பின்னால் ஆன்டி தலையை இடமும் வலமும் ஆட்டினார். அங்கிள் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆனாலும் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, "கொஞ்சம் சிரமந்தான், எழுதிக்க" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். பசியாறாமல் போகக்கூடாது என்று ஆன்டி எனக்குத் தோசை சுட்டு, நெத்திலி சம்பலும் வைத்துக் கொடுத்தார்.

ஆறாம் மாதம் போனபோது கதவைத் திறந்தவர் அங்கிள். சட்டை போட்டு மேல் பட்டன் வரைக்கும் மாட்டியிருந்தார். கைத்தடி இருந்தது. முகம் இளைத்திருந்தது.

"உள்ள வாம்மா. ஆன்டி இல்ல."

வெளியே எங்கோ போயிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"தவறிட்டா. போன மாசம். பாசார்ல மீன் வாங்கிக்கிட்டு நின்னவ அப்படியே கீழ உக்காந்துட்டா. அவ்வளவுதான்."

 இன்னொரு நாள் வருகிறேன் என்றேன். அவர் சாய்வு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"கேக்கத்தானே இவ்வளவு தூரம் வந்த? கேளு."

நானும் உட்கார்ந்தேன்.  "படி ஏற முடியுதா அங்கிள்?"

"ஏறலாம்மா."

சொல்லிவிட்டு நிறுத்தினார். முகம் அடுப்படிப் பக்கம் திரும்பியது. அங்கே அடுப்பு எரியவில்லை. பாத்திரம் எதுவும் வெளியில் இல்லை. ரயில் ஒன்று பின்னால் போய் முடிகிற வரைக்கும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"பொய். அவருக்கு வலிக்குதும்மா."

யாரைப் போலவும் அவர் பேசிக் காட்டவில்லை. அது அவருடைய குரல்தான். ஆனால் அந்த இழுப்பு, 'ம்மா'வில் விழுகிற அழுத்தம், எல்லாம் ஆன்டியுடையது.  அடுத்த கேள்விக்குப் போவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"தூக்கம்?"

"எங்க தூங்குறாரு? அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா தொடைக்குள்ள இரும்பு குத்துதாம். எந்திரிச்சி ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கிட்டு நிப்பாரு. கேட்டா காத்து வாங்குறேன்னு சொல்லுவாரு."

"கீழ உக்காந்து எந்திரிக்க..."

"பாத்ரூம்ல உக்காந்தா எந்திரிக்க முடியாதும்மா அவரால. செவுத்தப் புடிச்சிக்கிட்டுக் கூப்புடுவாரு. போயித் தூக்கணும்." கைத்தடியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "இப்பவும் கூப்புடுறாரு. யாரு இருக்கா தூக்க?"

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டபோது அவர் பழைய அங்கிளாகிவிட்டார். "கோப்பி குடிக்கிறியா? நான் கலக்குனா சுமாராத்தான் இருக்கும்" என்றார்.

கிள்ளான் பஸ்ஸில் அன்று உட்கார இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். உட்கார்ந்தால் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்று ஒரு பயம். வீட்டில் அம்மா அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிட்டபோது திடுக்கிட்டுவிட்டேன்.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஆர் சொன்னது?"

"அவர்தான் டாக்டர். ஆனா 'அவரு', 'அவரால'ன்னு சொன்னாரு. ஆன்டி பேசுற மாதிரியே."

"அவரின்ரை வாயாலைதானே வந்தது?"

"ஆமா."

"அப்ப எழுதும்."  பிறகு, "வீட்டிலை வேறை ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

ஒரு மகள் ரவாங்கில் இருக்கிறாள், ஃபாக்டரியில் வேலை என்று ஆன்டி முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது. டாக்டர் அவளுக்குத் தகவல் சொல்ல ஏற்பாடு செய்தார். அந்த வாரமே மகள் வந்து, வீட்டைக் காலி செய்து, அப்பாவைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். நல்ல காரியம் நடந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

வருடம் முடிகிற கணக்குக்கு நான் ரவாங்குக்குப் போனேன். புதிதாக எழும்பிய தாமான் குடியிருப்பில் ஒரு வீடு. பாத்ரூமில் உட்கார்ந்து போகிற மாதிரி உயரமான பேசின் போட்டு, சுவரில் பிடிக்கக் கம்பியும் வைத்திருந்தாள் மகள். அவள் வேலைக்குப் போயிருந்தாள். அங்கிள் கூடத்தில் டிவி பார்க்காமல் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

கேட்க ஆரம்பித்தேன். படி ஏறலாம். நல்லாத் தூங்குறேன். வலியெல்லாம் இல்ல. என்னாலயே எல்லாம் முடியுது. ஒவ்வொரு பதிலும் கேள்வி முடிவதற்குள்ளேயே வந்துவிட்டது. ஒரு தடவைகூட அவர் முகம் எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

"அங்கிள், நெசமாவா? போன தடவ..."

"போன தடவ சொன்னேன், இங்க கொண்டாந்து வச்சிட்டாங்க."

அதில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். பிறகு குரலைத் தாழ்த்தினார். வீட்டில் யாரும் இல்லாதபோதும் தாழ்த்தினார்.

"மக மேல ஒண்ணும் குத்தமில்ல. நல்லாத்தான் பாத்துக்கிறா. ஆனா ஆன்டி இங்க வரமாட்டாம்மா. இந்த வீட்டுக்கு அவ ஒரு தடவகூட வந்ததில்ல. ரவாங் வழி அவளுக்குத் தெரியாது."

 அவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எல்லாம் முடியுதுன்னு சொன்னா நீ நம்பல. வா, காட்டுறேன்."

வாசல் வரைக்கும் என்றுதான் நினைத்தேன். அவர் செருப்பை மாட்டி, கேட்டைப் பூட்டி, பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார். கோலாலம்பூர் பஸ் வந்தபோது முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். நான் பின்னாலேயே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. வழியெல்லாம் அவர் காலைக் கையால் தூக்கித் தூக்கி இடம் மாற்றி வைத்துக்கொண்டார். சிட்டியில் இறங்கி இன்னொரு பஸ் மாறினோம்.

பிரிக்பீல்ட்ஸில் அந்த வரிசைக்கு முன்பக்கமாகப் போகாமல் பின்சந்து வழியாகப் போனார். பழைய வீட்டின் அடுப்படி ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே எதையோ தாளிக்கிற சத்தம். அவர் ஜன்னலுக்கு நேராக நின்றார். அவர் நெஞ்சு ஏறி இறங்குவது சட்டைக்கு மேலேயே தெரிந்தது.

நிழல் விழுந்ததைப் பார்த்திருப்பாள் போல, உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "யாரு?"

"நாந்தான்" என்றார் அங்கிள்.

அத்தனை இயல்பாகச் சொன்னார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவன் சொல்வது போல. உள்ளே தாளிப்புச் சத்தம் நின்றது.  அந்தக் கணத்தில் நானும் என்ன எதிர்பார்த்தேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

பின்கதவு திறந்தது. இடுப்பில் பிள்ளையோடு ஒரு சின்னப் பெண். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அங்கிள் முன்னாடி இந்த வீட்ல இருந்தவரு" என்றேன்.

"அய்யோ, வெயில்ல நிக்கிறீங்களே. உள்ள வாங்க அங்கிள்" என்றாள் அவள். நல்ல பெண். ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அங்கிள் வாசற்படியில் ஒரு காலை வைத்து உள்ளே பார்த்தார். சுவருக்குப் பச்சை நிறம் அடித்திருந்தார்கள். புது அடுப்பு. காதை மட்டும் உள்ளே கொடுத்தவர் போலக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வைத்த காலை எடுத்துவிட்டார்.

"இல்லம்மா. வரேன்."

சந்தின் பாதியில் அவரால் நடக்க முடியவில்லை. சுவரோடு சாய்ந்தார். முகமெல்லாம் வேர்வை. நான் தோளைக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமல், மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு வலிக்குது."

ஒரு டாக்சி பிடித்து ரவாங்குக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மகள் ஃபாக்டரி உடுப்போடு வாசலில் நின்றிருந்தாள். அண்டை வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே நின்றார்கள். அவள் முதலில் என்னைத்தான் திட்டினாள். சந்தில் நடந்ததை நான் சொன்னதும் அவரிடம் திரும்பினாள்.

"வலிக்குதாப்பான்னு டெய்லி கேக்குறேன், இல்ல இல்லன்னீங்க. ஊர்ல போறவங்ககிட்டச் சொல்வீங்க, எங்கிட்டச் சொல்ல மாட்டீங்களா? போனது எனக்கும் அம்மாதானேப்பா."

அங்கிள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறினார்.

டாக்டர் அவரை வரவழைத்துப் பார்த்தார். எலும்பு நன்றாகச் சேர்ந்திருந்தது. தகட்டின் முனை சதையில் உரசிக்கொண்டே இருந்ததுதான் அந்த வலி. தகட்டை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கைத்தடியோடு ஓரளவு நடந்தார், பக்கம் திரும்பிப் படுத்தார். அவரைப் பொறுத்த வரைக்கும் எங்கள் கேள்விகள் அதோடு முடிந்தன. அடுத்த வருடம் எனக்குக் கல்யாணமாகி அந்த வேலையை விட்டேன்.

விடுவதற்குக் கொஞ்சம் முன்னால், மருந்து வாங்க வந்த மகளை மருந்து கொடுக்கிற இடத்தில் பார்த்தேன். என்மேல் இருந்த கோபம் போயிருந்தது. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"வலி கொறஞ்சிருக்குக்கா. நல்லா சாப்புடுறாரு." நம்பர் கூப்பிடுகிறார்களா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "நான் சமைக்கிறப்ப ஹால்ல இருந்து பேச்சுக் குடுப்பாரு. இன்னிக்குக் கால் பரவால்லங்கிறாரு, அரிசி இருக்கான்னு கேக்குறாரு. எங்கிட்டப் பேசுறாரா, அம்மாகிட்டப் பேசுறாரான்னு எனக்குத் தெரியலக்கா."

"நீ என்ன சொல்வ?"

"பொய் சொல்லாதீங்கன்னு உள்ள இருந்து ஒரு சத்தம் போடுவேன். சிரிப்பாரு."

அவள் நம்பரைக் கூப்பிட்டார்கள். மருந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ரவாங் பஸ் போய்விடும் என்று வேகமாக நடந்தாள்.