வாய் திறந்த பிரதர்

என் அக்கா புருஷனை ஆஸ்பத்திரியில் எல்லோரும் ‘பிரதர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆண் செவிலியருக்கு அங்கே அதுதான் பெயர். பழக்கதோஷத்தில் ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிற நோயாளிகளும் உண்டு. அதற்கும் மாமா திரும்பிப் பார்ப்பார். கோபமும் கிடையாது, சிரிப்பும் கிடையாது. முதுகுக்குப் பின்னால் அவருக்கு இன்னொரு பெயர் இருந்தது. கல்லு.

அவர் இருப்பது எலும்பு முறிவு வார்டு. கட்டிலை விட்டு நகர முடியாதவர்கள்தான் அங்கே அதிகம். மாமா ஒருவரைத் தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். புண்ணின் மேல் ஒட்டிய பிளாஸ்டரை எடுக்கும்போது அதைப் பிடித்து இழுக்க மாட்டார். தோலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு மெல்ல மெல்ல விடுவிப்பார். வேறு யாராவது டிரெஸ்ஸிங் பண்ண வந்தால், “அந்த கல்லு பிரதர் வரட்டும், நான் காத்திருக்கேன்” என்று போர்வையை இழுத்துக்கொள்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

கை அப்படி. பேப்பர்தான் அவருக்கு எமன்.

யாருக்கு என்ன மருந்து கொடுத்தோம், எந்தப் பக்கம் புரட்டிப் படுக்கவைத்தோம், புண் எப்படி இருக்கிறது, குதிகாலில் சிவப்பு உண்டா என்று ஒவ்வொரு நோயாளிக்கும் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். எழுதி வைக்காத வேலை நடக்காத வேலை என்பது ஆஸ்பத்திரிக் கணக்கு. டியூட்டி முடிந்து மற்றவர்கள் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். மாமா மேசையில் உட்கார்ந்து பேனாவைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணறுவார். அரைமணி நேரம் செய்த வேலையை, “பார்த்தேன். சரி” என்று எழுதி முடித்துவிடுவார். அதற்காக இரண்டு முறை மெமோ வந்துவிட்டது. மூன்றாவதும் வந்தால் வார்டை விட்டு எடுத்து, மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்கப் போட்டுவிடுவார்கள் என்று பெரிய சிஸ்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

“பெட்டியைத் தொடுறதுக்குக் கையைச் சூடாக்க வேண்டியதில்லை” என்றார் மாமா வீட்டில். அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான்.

“வீட்டுக்கு வெறும் சட்டைதான்டா வருது, ஆளு அங்கயே உக்காந்திருக்காரு” என்று அக்கா என்னிடம் சொன்னாள். “பொண்ணு அப்பா முகத்தையே மறந்துருவா போல.”

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தது கம்ப்யூட்டர். மாமா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தபோது, ஊரிலிருந்து சித்தப்பா போன் பண்ணி, “அப்ப ஊசி போடவும் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றதும் அவருக்குக் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் என் பட்டத்தில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். அந்தப் படிப்பால்தான் ஒரு புதுக் கருவியை வார்டுக்குக் கொண்டுபோகும் வேலை என் கைக்கு வந்தது.

சட்டைப்பையில் குத்திக்கொள்ளும் ஒரு சின்ன மைக். வார்டில் பேசுவதை அது கேட்கும். அதன் பின்னால் இருக்கும் செயற்கை நுண்ணறிவு, கேட்டதை ஒழுங்குபடுத்தி, அந்தந்தக் கட்டத்தில் குறிப்பாக எழுதித் தரும். செவிலியர் திரையில் படித்துப் பார்த்து, திருத்தி, ஒப்புதல் கொடுத்தால் போதும். நோயாளிகளிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு முதலில் எலும்பு முறிவு வார்டில் வைத்தோம்.

மாமா ஒரு காலை முழுக்க மைக்கைக் குத்திக்கொண்டு வேலை பார்த்தார். முடிவில் திரையைத் திறந்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

‘நோயாளி தண்ணீர் கேட்டார். செவிலியர்: ம்.’

பெரிய சிஸ்டர் எட்டிப் பார்த்தார். “பிரதர், நீங்க டியூட்டிக்கு வந்தீங்களான்னு மெஷினுக்கே சந்தேகம் வந்துரும்.”

மேசையைச் சுற்றி ஒரே சிரிப்பு. மாமா மைக்கைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர்க் குழாய் பக்கம் போனார். பின்னாலேயே போனேன்.

“மாமா, அதுக்குக் கண்ணு கிடையாது. காது மட்டும்தான். பண்றதை வாய்விட்டுச் சொன்னாத்தான் எழுதும்.”

“பண்றதைச் சொல்லிக்கிட்டே பண்றவனுக்கு என்ன பேரு தெரியுமா மாப்ள? தம்பட்டக்காரன்.”

அவர் ஏன் கல்லாக இருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

“தம்பட்டம் என்ன இதுல? படுத்திருக்கிறவர்கிட்ட அவரு கால் எப்படி இருக்குன்னு சொல்றீங்க. அது அவரோட கால்தானே மாமா?”

டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். பிறகு கையை நீட்டினார், மைக்கைக் கொடு என்பது போல.

அடுத்துப் பார்க்க வேண்டிய கட்டிலில் லாரிக்காரர் ஒருவர் படுத்திருந்தார். இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனவர். படுத்த இடத்திலிருந்தே வார்டு முழுக்க நையாண்டி பண்ணுகிறவர். மாமா கையைத் தேய்த்துக்கொண்டார். கனைத்தார். மேடையில் ஏற்றிவிட்ட பையன் போல விறைப்பாக, “டிரெஸ்ஸிங் பிரிக்கிறேன்” என்றார்.

லாரிக்காரர் தலையைத் தூக்கினார். “யார்கிட்ட பேசுறீங்க?”

“உங்ககிட்டதான்.”

“பிரதர், உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? டாக்டரம்மாவைக் கூப்பிடட்டுமா?”

வார்டே சிரித்தது. மாமாவின் காது சிவந்துவிட்டது. ஆனால் நிறுத்தவில்லை. “புண்ணு காய்ஞ்சிருக்கு. கசிவு இல்லை. வீக்கம் குறைஞ்சிருக்கு. தையல் எல்லாம் சரியா இருக்கு.”

லாரிக்காரரின் சிரிப்பு நின்றது. “நெசமாவா?”

“நெசமாத்தான்.”

“இதை முன்னாடியே சொன்னா முத்தா உதிர்ந்துரும்? நீங்க தினம் பிரிச்சுப் பார்த்துட்டு ஒண்ணும் பேசாம மூடிட்டுப் போவீங்க. உள்ள அழுகிப்போச்சு, சொல்ல மனசு வராம போறாருன்னு நானே முடிவு கட்டிக்கிட்டேன். வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லலை.”

மாமா டிரெஸ்ஸிங்கை மூடாமல் அவர் முகத்தைப் பார்த்தார். அவருடைய மௌனத்தை அவர் அடக்கம் என்று நினைத்திருந்தார். படுத்திருந்தவருக்கு அது கெட்ட சேதியாகத் தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு மைக்குக்காகப் பேசியது போய், ஆளுக்காகப் பேச ஆரம்பித்தார். “இடது பக்கம் புரட்டுறேன், பயப்படாதீங்க.” “ஊசி இப்ப இறங்குது, கொஞ்சம் எரியும்.” அவர் சொல்ல, அவர்களும் பதில் சொன்னார்கள். எங்கே வலிக்கிறது, எப்போது தூக்கம் போனது என்று கேட்காததெல்லாம் வந்து விழுந்தது. அத்தனையும் குறிப்பில் ஏறியது. கல்லு என்ற பெயர் போய் ‘ரேடியோ’ என்ற பெயர் வந்தது. டியூட்டி முடிந்ததும் மாமா திரையைப் படிப்பார், ஒன்றிரண்டு திருத்துவார், ஒப்புதல் கொடுப்பார், வெளிச்சம் இருக்கும்போதே வீட்டில் இருப்பார்.

இருந்தாலும் மெமோ விஷயம் முடியவில்லை. ரெக்கார்டு அதிகாரி ஒருநாள் நேரில் வந்து மாமாவின் குறிப்புகளைப் பார்ப்பதாக இருந்தது. கிடங்கா வார்டா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

அன்று பார்த்து வார்டு ரணகளம். விபத்தில் அடிபட்டவர்களை வரிசையாகக் கொண்டுவந்தார்கள். மாமா லாரிக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்த பாதியில் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த அமளியெல்லாம் அடங்கி, அவர் மேசைக்கு வந்தபோது குறிப்பு தயாராக இருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. பரீட்சையில் முதல் ரேங்க் வாங்குகிறவன் எழுதியது போல இருந்தது.

மாமாவின் விரல் ஒரு வரியில் நின்றது. ‘இரண்டு குதிகால்களும் பார்க்கப்பட்டன. தோல் நன்றாக உள்ளது.’

“மாப்ள, இது நான் சொல்லலை. வலது காலைத்தான் பார்த்தேன். இடது காலைத் தொடுறதுக்குள்ள கூப்பிட்டுட்டாங்க.”

அன்றைய பதிவைத் தேடினேன். அவர் சொன்னது சரி. தினமும் இரண்டையும் சேர்த்தே சொல்லி வந்ததால், இன்றைக்கும் சொல்லியிருப்பார் என்று கருவி தானாகவே நிரப்பியிருக்கிறது.

“இதை எடுத்துரு.”

“எடுத்தா கட்டம் காலியா நிக்கும் மாமா. இன்னைக்கு அதைத்தான் பார்க்க வர்றாங்க.”

“காலியாத்தானே இருக்கு? காலியாவே இருக்கட்டும்.”

நான் கையை வைப்பதற்குள் அவரே அழித்தார். எழுந்தார். அதே நேரம் அதிகாரியும் டாக்டரம்மாவும் பெரிய சிஸ்டரும் உள்ளே வந்தார்கள்.

“பிரதர், உங்களைப் பார்க்கத்தான் வந்தோம். எங்க கிளம்பிட்டீங்க?” என்றார் அதிகாரி.

“ஒரு கால் பாக்கி இருக்கு சார்” என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். வேறு வழியில்லாமல் எல்லோரும் பின்னால் போனோம்.

கையைத் தேய்த்துக்கொண்டு லாரிக்காரரின் இடது குதிகாலைத் தூக்கினார். “சிவந்திருக்கு” என்றார். விரலால் அழுத்தி எடுத்தார். “அழுத்தினா வெளுக்கலை. படுக்கைப் புண்ணு ஆரம்பிக்குது.” டாக்டரம்மா குனிந்து பார்த்துத் தலையசைத்தார். மாமா கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, குதிகால் எதிலும் படாமல் தொங்கும்படி வைத்தார். அதையும் வாய்விட்டுச் சொன்னார்.

“காலையிலேருந்து எரிஞ்சுது. கட்டிலுக்கு வயசாயிருச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்” என்றார் லாரிக்காரர்.

“நல்லவேளை, இன்னைக்கே கண்ணுல பட்டுச்சு. தோல் உடைஞ்சிருந்தா ஆற நாளாகும்” என்றார் டாக்டரம்மா.

அதிகாரி தன் கையிலிருந்த திரையைத் தட்டினார். “இந்தக் கட்டம் காலியா இருக்கே, பிரதர்?”

நான் வாயைத் திறந்தேன். மாமா முந்திக்கொண்டார்.

“ஆமா சார். பார்க்கலை, அதனால காலியா வெச்சேன். மெஷின் நிரப்பித்தான் கொடுத்துச்சு, நான்தான் அழிச்சேன். இந்த மெஷின் வேணாம்னு சொல்லலை. வேகமா எழுதுது, என்னைவிட நல்லா எழுதுது, நேரத்தோட வீட்டுக்கு அனுப்புது. ஆனா நான் சொல்லாததை அது சொல்லக் கூடாது. அந்த இடத்தைச் சும்மா விட்டுட்டு, ‘இதை நீ சொல்லலையே’ன்னு என்னைக் கேக்கட்டும். கேட்டா நான் போய்ப் பார்ப்பேன். அந்த வரியை நம்பிக் கையெழுத்துப் போட்டிருந்தா, இந்தக் காலை இன்னைக்கு யாரும் தூக்கியிருக்க மாட்டாங்க.”

பெரிய சிஸ்டர்தான் முதலில் பேசினார். “இத்தனை வருஷமா நீங்க பேசினதையெல்லாம் கூட்டினாலும் இவ்வளவு தேறாது பிரதர்.”

அதிகாரி மாமாவை ஒரு பார்வை பார்த்தார். என் பக்கம் திரும்பி, “தம்பி, இவர் சொன்ன மாதிரி மாத்த முடியுமா?” என்றார்.

அன்றைக்கே கருவி செய்த கம்பெனிக்கு எழுதினேன். மாறி வரும்வரை அந்தப் பகுதியைச் செவிலியர்களே தட்டச்சு செய்தார்கள். இப்போது செவிலியர் சொல்லாத கட்டம் மஞ்சளாக நிற்கிறது. ‘சொல்லப்படவில்லை’ என்று அதன் மேல் எழுதியிருக்கிறது. மூன்றாவது மெமோ வரவில்லை. வேறொரு கடிதம் வந்தது. மற்ற வார்டுகளுக்கும் கருவி போகிறது, பழக்கிக் கொடுக்க மாமா வர வேண்டும் என்று. என் பட்டம் வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. ஆனால் நீ என்னதான் வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், அந்த மஞ்சள் கட்டத்தைத்தான் சொல்கிறேன். அது என் மாமா கேட்டு வாங்கியது, நான் வாங்கிக் கொடுத்தது.

நேற்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. மாமா அடுப்படியில், மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, “வெங்காயம் உரிக்கிறேன். மேல்தோல் காய்ஞ்சிருக்கு. உள்ள அழுகல் இல்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “டேய், நீதானே கொண்டுவந்து மாட்டிவிட்டே? இந்த ரேடியோவை நிறுத்துற பட்டன் எங்கடா இருக்கு?”

“அதுக்கு நான் படிக்கலை அக்கா” என்றேன்.