குவளையை ஆட்டாத அதிகாரி

எங்கள் அரபுப் பாலைவன ஊரான மஆனிலேயே ஷம்ஸாவைப் போல் பொறுமைசாலி கிடையாது. கல்லுக்கும் எழுதக் கற்றுக்கொடுத்துவிடுவாள். சரி, கல் என்பது கொஞ்சம் அதிகம்தான். நான் பாடம் நடத்திய பள்ளியில், சிறப்புக் குழந்தைகள் வகுப்புக்கு அவள்தான் உதவியாளர். அவளை நிறுத்திவிட்டு அந்தச் சம்பளத்தில் கணினிகள் வாங்கலாமா என்று பார்க்க, வெளிநாட்டில் வளர்ந்த அதிகாரி ஒருவர் வந்தார்.

காது கேளாத, விரல்கள் எளிதில் மடங்காத சிறுமி ஃபித்தா அவருக்குக் காப்பி ஊற்றினாள். குடித்தவர் குவளையை ஆட்டாமல் நீட்டினார். எங்கள் ஊர் வழக்கப்படி, ஆட்டினால்தானே போதும் என்று அர்த்தம்? ஃபித்தா மறுபடி ஊற்றினாள். மறுபடியும், மறுபடியும்.

"போதும்மா, போதும்னு சொல்றேன்ல!" அவர் முகம் சிவந்தது. ஷம்ஸாவின் வேலை இத்தோடு போயிற்று என்று நான் நினைத்தேன்.

ஷம்ஸா வெறுங்கையைக் குவளை பிடிப்பதுபோல் வைத்து ஆட்டிக் காட்டினாள். அவரும் ஆட்டினார். ஃபித்தா உடனே குவளையை வாங்கிக்கொண்டாள்.

"இவளுக்கு யாரு கத்துக்குடுத்தது?"

"நான்தான், உஸ்தாத். இவளுக்கு ஒரு வருஷம் ஆச்சு. உங்களுக்கு ஒரு நிமிஷந்தான்!"

அவர் சிரித்துவிட்டார். ஷம்ஸாவின் வேலை நிரந்தரமாயிற்று.

நான் எழுதுவதை எட்டிப் பார்த்த ஷம்ஸா தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க நிரந்தரம், ஹஜ்ஜா? அடுத்த கோடை வரைக்குந்தான் விட்டுவச்சிருக்காரு. அப்புறம் மறுபடி பார்க்க வருவாராம்."