பிளெஷிங் லைட்

சுண்ணாம்பில் ஊறிய மாட்டுச் சவ்வு மூன்று நாள் வெயிலில் கிடந்தால் என்ன நாற்றம் வரும் என்று தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், தோல் பதனிடும் டேனரி ஒன்றின் பின்சுவரை ஒட்டிய காலனியில் நான் வளர்ந்தேன். அந்த நாற்றம் எங்கள் சோற்றில் இருந்தது, தலையணையில் இருந்தது, பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு இன்னொருத்தியின் மூக்கிலும் இருந்தது. நான் ஆறாம் வகுப்பு படித்தபோது வானத்தில் வந்த வெளிச்சத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நாற்றத்தை விட்டுவிட்டு அந்த வெளிச்சத்தைச் சொல்ல முடியாது.

தோலின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சதையையும் சவ்வையும் மிஷினில் சுரண்டி எடுப்பதற்கு "பிளெஷிங்" என்று பெயர். சுரண்டி விழுந்த குப்பைக்கும் எங்கள் ஊரில் அதே பெயர்தான். அப்பா அந்த மிஷினில்தான் வேலை பார்த்தார். அவர் பகலெல்லாம் சுரண்டியது சாயங்காலம் டிராக்டரில் ஏறி எங்கள் வீட்டுக்குப் பின்னால் வந்து விழும். நான் நடக்கப் பழகியபோது முழங்கால் உயரம் இருந்த மேடு, ஆறாம் வகுப்புக்கு வந்தபோது எங்கள் கூரையை எட்டிப் பார்த்தது.

என் தங்கை செல்விக்கு அப்போது நாலு வயது. அவளுக்கு மூச்சிரைப்பு. ராத்திரியானால் நெஞ்சில் விசில் ஊதும். "ஒண்ணு வீட்ட மாத்துங்க, இல்ல அந்த மேட்ட மாத்துங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டை மாற்ற எங்களுக்கு வக்கில்லை. அதனால் அம்மா மேட்டை மாற்றக் கிளம்பினாள். திங்கட்கிழமைதோறும் ஷூ கம்பெனிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தாலுகா ஆபீசில் மனு கொடுப்பாள். அவளுக்கு எழுத வராது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். எல்லா மனுவிலும் "தாங்க முடியாத நாற்றம்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். வருவாய் ஆய்வாளர், அதாவது எல்லாரும் "ஆர்.ஐ." என்று பயந்த மனிதர், ஒருநாள் சலித்துப்போய்க் கேட்டார்: "நாத்தத்துக்கெல்லாம் நான் இன்னாமா பண்றது? டேனரி பக்கத்துல மல்லிப்பூ வாசனையா வரும்?"

மழை மூட்டம் போட்டிருந்த ஒரு வாரத்தில்தான் அந்த வெளிச்சம் வந்தது. எட்டு மணிக்குக் கரண்டு போய்விட்டது. வெளியே வந்து பார்த்தால், மேட்டுக்கு நேர் மேலே மேகத்தில் இரண்டு வெள்ளை வட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றையொன்று துரத்தின, ஒட்டின, பிரிந்தன, அணைந்தன, மறுபடி வந்தன. சத்தமே இல்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தன.

காலனியில் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை, அது மாட்டின் ஆவி. "இத்தினி மாட்டுத் தோல சொரண்டிக்கிறோம், ஒரு மாடாவது திரும்பி வராதா? ரெண்டு வட்டமும் அதோட கண்ணு." காலனி முனையில் டீக்கடை வைத்திருந்த கரீம் பாயிடம் யாரோ அது ஜின் பிசாசா என்று கேட்டதற்கு, "இந்த நாத்தத்துல ஜின் எப்படிபா நிக்கும்? அதுக்கு இன்னா தலவிதியா?" என்றார். செகண்டு ஷிப்டு பெண்கள் வேறு கிரகத்து ஆட்கள் என்றார்கள். இவ்வளவு பெரிய பூமியில் எங்கள் மேட்டைத் தேடி வருகிறார்கள் என்றால் அவர்களுக்கு மூக்கு இல்லை என்று நான் முடிவு செய்தேன்.

பயம் ஜாஸ்தியாகி, பெண்கள் ஷிப்டுக்குப் போக மறுத்தார்கள். மனு கொடுத்துப் பழகியவள் அம்மாதான் என்பதால் இதற்கும் மனு எழுதச் சொன்னார்கள். இங்கிலீஷ் வார்த்தை ஒன்று இருந்தால்தான் ஆபீசில் மதிப்பார்கள் என்று அம்மாவுக்கு ஒரு எண்ணம். நான் சயின்ஸ் டீச்சரைக் கேட்டேன். விட்டுவிட்டுத் தெரிகிற வெளிச்சத்துக்கு "ஃப்ளாஷிங் லைட்" என்று பெயர் சொன்னார். என் காதுக்கு அந்த மாதிரிச் சத்தத்தில் தெரிந்தது ஒரே வார்த்தைதான். "எங்கள் காலனிக்குப் பின்புறம் தினமும் இரவு எட்டு மணிக்குப் பிளெஷிங் லைட் எரிகிறது" என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மனு கொடுத்தோம். புதன்கிழமை காலையில் ஜீப் வந்தது. இரண்டு வருடமாகக் கொடுத்த நாற்ற மனுக்களுக்கு வராத ஜீப்.

ஆர்.ஐ. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கத்தினார். "இன்னாமா இது, பிளெஷிங் எரியுதுன்னு எழுதிக்கிறீங்க? அந்தாண்ட பெட்ரோல் பங்க் கீது. கேஸ் புடிச்சி வெடிச்சா என் வேல போய்டும். நெஜமாவே எரியுதா?"

"அய்யோ, அது இல்லீங்க சார், மேல வானத்துல..." என்று அம்மா ஆரம்பித்தாள். அப்புறம் நிறுத்தினாள். மேட்டைப் பார்த்தாள். வாசலில் உட்கார்ந்து விசில் ஊதிக்கொண்டிருந்த செல்வியைப் பார்த்தாள்.

"ஆமாங்க சார்," என்றாள். "எரியுது."

ராத்திரி எட்டு மணிக்கு வந்து தன் கண்ணால் பார்ப்பதாகவும், வெளிச்சம் தெரிந்தால் மறுநாளே மேட்டை அள்ள உத்தரவு போடுவதாகவும் சொல்லிவிட்டு அவர் போனார். ஷிப்டு முடிந்து வந்த அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "தண்ணில ஊறுன சவ்வு எப்புடிடி எரியும்? நான் டெய்லி அதுல நிக்கிறேன், ஒரு பீடி கூட பத்த வைக்க முடியாது."

"நீ வாய மூடிக்கினு இரு. அது போதும்."

நான்கு மணிக்குக் கரீம் பாய் டீத்தூள் வாங்கப்போன இடத்திலிருந்து ஓடிவந்தார். வாணியம்பாடி ரோட்டில் புதிதாகத் துணிக்கடை திறந்திருக்கிறார்களாம். வாசலில் ஒரு லாரி. லாரி மேல் இரண்டு ராட்சத லைட்டுகள். ராத்திரியானால் வானத்தைப் பார்த்துச் சுற்றுமாம். "இன்னியோட கடைசியாம் தங்கச்சி. நாளைக்கி லாரி மெட்ராஸ் போய்டும்" என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மாவுக்கு மாடும் ஜின்னும் அந்த நிமிஷமே செத்துப்போயின. ஒரே கவலைதான் மிச்சம்: அந்த லாரி இன்று ஒருநாள் ஓடவேண்டும்.

எட்டு மணிக்கு ஆர்.ஐ. வந்தார். காலனி மொத்தமும் நின்றது. எட்டேகால் ஆனது. வெளிச்சம் இல்லை. எட்டரைக்கு அவர் ஜீப்பில் ஏறக் காலை வைத்தார். அம்மா வாய்க்குள் யாரையோ வேண்டிக்கொண்டிருந்தாள். சாமியையா துணிக்கடைக்காரரையா என்று இன்றைக்கும் தெரியாது. அப்போது மேட்டுக்கு மேலே இரண்டு வட்டங்களும் வந்து நின்றன.

ஆர்.ஐ. கைக்குட்டையை மறந்துவிட்டார். வாய் திறந்தபடி நின்றார். அப்புறம், பெரியவர்கள் பொய் சொல்வார்கள் என்று தோன்றியதோ என்னவோ, நேராக என்னிடம் வந்தார். "பாப்பா, நீ சொல்லு. வெளிச்சம் எங்கேர்ந்து வருது?"

எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கிற பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. லாரி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அடியும் இருந்தது, கெஞ்சலும் இருந்தது. பின்னால் செல்வி இருமினாள்.

"கீழேர்ந்துதான் சார் வருது," என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் மத்தியானம் மேட்டை அள்ள ஆரம்பித்தார்கள். நான்கு நாள் அள்ளினார்கள். ஐந்தாம் நாள் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு புளியமரம் இருப்பது தெரிந்தது. அள்ளியதை எங்கே கொட்டினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. இன்னொரு காலனியின் பின்னால்தான் கொட்டியிருப்பார்கள். அன்றைக்கு அதைக் கேட்காமல் விட்டது அசிங்கம்தான். செல்வி அந்த மழைக்காலம் முழுக்க விசில் இல்லாமல் தூங்கினாள், அது எங்களுக்குப் போதுமாக இருந்தது.

இப்போது அந்த இடத்தில் வீட்டுமனைகள். கரீம் பாய் இல்லை, டீக்கடையும் இல்லை. போன மாதம் வானத்தில் ரயில்பெட்டி போல வரிசையாக வெளிச்சம் போனது. நான் வாசலுக்கு வருவதற்குள் பக்கத்து வீட்டுப் பையன் செல்போனைப் பார்த்து, அது சாட்டிலைட், இன்ன நாட்டுடையது, இத்தனை மணிக்குப் போகும் என்று சொல்லி முடித்துவிட்டான். மாடு, ஜின், வேறு கிரகம் என்று சண்டை போட யாருக்கும் இரண்டு நிமிஷம் கூடக் கிடைப்பதில்லை. தெரியாத வெளிச்சம் என்று ஒன்று மிச்சம் இல்லை.

எனக்கு அது நஷ்டம்தான். எங்கள் தெருச் சாக்கடை எட்டு மாதமாக அடைத்துக்கொண்டு கிடக்கிறது. மூன்று மனு கொடுத்துவிட்டேன். படித்து வேலைக்குப் போன திமிரில், மூன்றிலும் ஒரு எழுத்துப்பிழை இல்லாமல் உண்மையை மட்டும் எழுதித் தொலைத்திருக்கிறேன்.